சேறு கழித்த எடை

எதிரிப் படையின் டாங்கி ஒன்று பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நுழைந்து, நிதானமாகத் திரும்பி, வந்த வழியே போன அன்று வெங்காய விலை சற்று இறங்கியிருந்தது. பூண்டு அப்படியே நின்றது. போர் முடிந்து பல வருடம் ஆகியிருந்தது. அந்தச் சந்தில் இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒருவன் பின்னால் போயாக வேண்டும். யார் போவது என்று பேசி முடிப்பதற்குள் தக்காளி அழுகிவிடும். அதில் டாங்கி எப்படித் திரும்பியது என்றால், அது திரும்புகிற வரை சுவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றன, திரும்பி முடித்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஜவுளிக்காரர் அப்போது ஏணியில் நின்று போர்வைக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். சுவர் ஒதுங்கியபோது ஏணியோடு அவரும் ஒதுங்கினார், கட்டை மட்டும் கைவிடவில்லை. டாங்கிக்குச் சத்தமே இல்லை. பாத்திரக் கடைக் குடங்கள்தான் குளிர் ஜுரக்காரன் பல்லைப் போல் கடகடவென்று அடித்துக்கொண்டன. டாங்கியின் நிறம் சுடாத செங்கல். ஈரக் களிமண்ணும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை சாயங்காலம் வரை சந்தில் நின்றது. அன்று துணி எடுத்தவர்கள் மறுநாள் வந்து மாற்றிக்கொண்டு போனார்கள்.

கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. ஆனால் கடைத்தெருவில் பார்ப்பதற்குச் செலவு கிடையாது, பார்த்தேன் என்று சொல்வதற்குத்தான் செலவு. சொன்னால் சாட்சி என்பார்கள், சாட்சி என்றால் கடையை அடைத்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். சாக்கடை மூடி உடைந்திருக்கிறதே என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பாத்திரக்கடைக்காரர், "கண்ணுல தூசு விழுந்துச்சு சார், அப்போ கண்ணைக் கசக்கிட்டு இருந்தேன்" என்றார். ஜவுளிக்காரர், "நான் ஏணியில இருந்தேன், மேல இருந்து பாத்தா எல்லாம் லாரி மாதிரிதான் தெரியும்" என்றார். வெங்காய மண்டிக்காரர் ஒருபடி மேலே போய், "சாக்கடை மூடி அதுவா ஒடஞ்சிருக்கும், அதுக்கும் வயசாகுதுல்ல" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். முழு டாங்கியைத் தூசியில் மறைத்தவர்கள் இவர்கள்.

பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னவன் ஒருவன்தான். அவனைக் கடைத்தெருவில் டாங்கி மாப்பிள்ளை என்பார்கள். பழைய இரும்புக்காரரின் மருமகன் என்பதால் மாப்பிள்ளை, மற்றதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அவன் போலீஸ்காரர் கேட்காமலே போய்ச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது போன தடவை வந்த அதே டாங்கியா, வேறயா?" என்றார். "அதேதான் சார்." "அப்போ புதுசா எழுத ஒண்ணுமில்லை" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை ஆவதற்கு முன் அவன் டாங்கிப் படையில் பீரங்கி சுடுகிறவனாக இருந்தான். அவனுடைய டாங்கியை ஓட்டியவன் பழைய இரும்புக்காரரின் ஒரே மகன். இருவரும் ஒருவரையொருவர் விளையாட்டுக்கு மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த விளையாட்டு பின்னால் நிஜமாகி இவன் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. மச்சான் போருக்குப் போகும்போது அப்பா கடையிலிருந்து ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அரசாங்கம் கொடுக்கிற கடப்பாரை பல் குத்தத்தான் ஆகும், அழுத்தினால் வளைந்துவிடும் என்பது அவன் கட்சி. ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில், நீர் வற்றிய குளத்தின் சேற்றில் அவர்கள் டாங்கி இறங்கி, ஒரு பக்கச் சக்கரச் சங்கிலி கழன்றுகொண்டது. மச்சான் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, "அந்த கடப்பாரைய குடு மச்சான், சர்க்காரை நம்பினா சாயங்காலம் வரைக்கும் இங்கேயேதான்" என்று கையை நீட்டினான். இவன் மேல் மூடி வழியாக இடுப்பு வரை வெளியே வந்து கடப்பாரையை நீட்டினான். பீரங்கிக் குழாய் முன்பக்கம் பார்த்திருந்தது. கடப்பாரைக்கும் கைக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. அந்த ஒரு ஜாணுக்குள் பின்னாலிருந்து சுடாத செங்கல் நிற டாங்கி வந்தது. அது கடந்த பிறகு கடப்பாரை இவன் கையில் இருந்தது. எதிரே கை இல்லை, ஆள் இல்லை. சேற்றில் சங்கிலித் தடம் கொஞ்ச தூரம் ஓடி, பேசிக்கொண்டிருப்பவன் சட்டென்று எழுந்து போனதுபோல் நடுக்குளத்தில் நின்றுபோயிருந்தது. தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர்தான் வந்தது.

மேலதிகாரிகள் விசாரித்தார்கள். அந்த வட்டாரத்தில் எதிரிக்கு டாங்கியே கிடையாது என்று வரைபடம் சொன்னது. டாங்கி இல்லை என்றால் அது ஒருவன் மேல் ஏறியிருக்க முடியாது. ஏறவில்லை என்றால் அவன் சாகவில்லை. சாகாதவன் தன் இடத்தில் இல்லை என்றால் ஓடிவிட்டான். படிப்படியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆள் ஒருவன்தான் குறைந்தான். சமாதானம் ஆன பிறகு எதிரிகளிடமும் கேட்டார்கள். அவர்கள் மரியாதையாகத் தேடிப் பார்த்துவிட்டு, அந்த நிறத்தில் எங்களிடமும் ஒன்றும் இருந்ததில்லை என்று பதில் சொன்னார்கள். போருக்குப் பிறகு இரண்டு அரசாங்கங்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பழைய இரும்புக் கடைக்கு வந்தான். துருப்பிடித்த கட்டில் கால்கள், நசுங்கிய டிரம்கள், கைப்பிடி போன தையல் மிஷின்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக் குவியல், நடுவில் ஒரு தராசு, தராசுக்குப் பின்னால் அவர். நடந்ததையெல்லாம் கேட்டார். கடப்பாரையை வாங்கித் தராசில் போட்டுப் பார்த்தார். எடை குறையவில்லை.

"டாங்கியே கிடையாதுன்னு சர்க்காரு சொல்லிடுச்சே. நீ என்ன சர்க்காரை விடப் பெரிய ஆளா?" என்றார்.

"என் கண்ணால பாத்தேன் ஐயா."

"கண்ணு பாத்ததெல்லாம் சரக்காகாது தம்பி. என் புள்ள ஓடிட்டான். ஓடினவன் ஒரு நாள் வருவான். வந்து இதை எடுத்துக்குவான்."

கடப்பாரையைக் கல்லாவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். அதன் பிறகு யார் எவ்வளவு கேட்டும் அதற்கு அவர் விலை சொல்லவில்லை. தன்னுடைய மூக்குக் கண்ணாடிக்குக்கூட ஒரு காலத்தில் விலை சொன்ன மனிதர். மகன் ஓடிப்போனவன் என்று தெருவில் யாராவது குத்திப் பேசினால், "ஆமா, ஓடிட்டான், நல்லா ஓடுவான், சின்ன வயசுலேயே காலு நீளம்" என்பார். குரலில் கிட்டத்தட்டப் பெருமை இருக்கும். அவர் மானக்கேட்டை மறைக்கப் படும் பாடு அது என்று இவன் நினைத்துக்கொண்டான். அந்த டாங்கியைப் பிடித்து, இதோ இருக்கிறது என்று ஊர் முன்னால் நிறுத்தி, மச்சான் பெயரைக் கழுவித் தருகிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் எடுத்தான். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தோடு போட்ட தப்புக் கணக்கைத் திருத்துவதற்குத்தான் வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கிறது.

இரும்புக்காரருக்கு ஒரு மகளும் இருந்தாள். கடைக்கு உள்ளே செம்பையும் பித்தளையையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டாள். அவன் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "நீங்க சொல்றதை நான் நம்பல. ஆனா நீங்க பொய் சொல்றீங்கன்னும் தோணல" என்றாள். பாதிக்குப் பாதி. கடைத்தெருவில் முதல் பேச்சிலேயே பாதி படிந்துவிட்டால் மீதி தானாகப் படியும் என்பார்கள். அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று.

மாமனார் கடையில் உட்காரச் சொன்னபோது அவன் மறுத்துவிட்டு, சந்தையின் வாசலில் இருந்த எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். லாரி அப்படியே ஏறி நிற்கிற இரும்பு மேடை. பக்கத்தில் சின்ன அறை, அறைக்குள் கடிகாரம் போன்ற பெரிய வட்ட முகப்பு, அதில் ஒரு முள். அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் விற்பவர் எட்டிப் பார்ப்பார், மற்றதில் வாங்குபவர். சண்டை எவ்வளவு பெரிதானாலும் சரக்கு மேடை ஏறி, இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துத் தங்கள் வாயால் 'சரி' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் கோர்ட்டுகூட ஏன் என்று கேட்காது. நனைந்த பஞ்சுக்குச் சரி சொல்லிவிட்டு அந்தச் சொல்லோடு வாழ்ந்து செத்த முதலாளிகள் உண்டு. இரண்டு பேரும் சரி சொல்கிற வரை குறுக்கே ஒரு சங்கிலி கிடக்கும். அது ஒரு கன்றுக்குட்டியைக்கூட நிறுத்தாத சங்கிலிதான், ஆனால் அதைத் தாண்டிப் போன சரக்கு இதுவரை கிடையாது. டாங்கி தன் நிறத்தை மறைக்கலாம், சத்தத்தை மறைக்கலாம், தடத்தைப் பாதியில் அழிக்கலாம். எடையை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவன் யோசித்தான். அந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

வருடங்கள் லாரி லாரியாக ஏறி இறங்கின. டாங்கி ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் போனது. ஒரு கோடையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இளைப்பாறியது. மேடை காலியாக இருக்கும் சில மத்தியானங்களில் முள் தானாக லேசாகத் துடிக்கும். அவன் தலையை வெளியே நீட்டுவதற்குள் அடங்கிவிடும். அதன் குணத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டான். ஊருக்குள் எங்கும் சுற்றும், ஆனால் நெருங்கி வருவதென்றால் ஒரு பீரங்கியின் முதுகுப் பக்கம்தான் வரும், அதுவும் யாரும் பார்க்காதபோது. அவன் ஒரு தண்ணீர்க் குழாயை அறைக் கூரையில் வைத்துக் கட்டி, மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தான். டாங்கி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனதற்கு அடையாளமாக முள் ஒரு தடவை ஆடியது, அவ்வளவுதான். குழாய்க்கும் பீரங்கிக்கும் வித்தியாசம் தெரியாத டாங்கி இல்லை அது. தலை திரும்புகிற முழு டாங்கி ஒன்று வேண்டும். ராணுவத்தைக் கேட்டான். இல்லாத டாங்கியைப் பிடிக்க இருக்கிற டாங்கியைத் தர முடியாது என்று அவர்கள் சொன்னது நியாயம்தான்.

இதே வருடங்களில் இரும்புக்காரர் எடை குறைந்துகொண்டு வந்தார். இளைக்கவில்லை, தொந்தி தொந்தியாகத்தான் இருந்தது, சாப்பாடும் குறையவில்லை. எடைதான் போனது. முதலில் கண்டுபிடித்தது அவரேதான். தராசில் சும்மா கால் வைத்தவர், தட்டு இறங்காததைப் பார்த்துத் தராசின் அச்சில் எண்ணெய் போட்டார். அப்புறம் மின்விசிறிக்கு நேரே நின்றால் சுவரோரமாக நகர்ந்துபோனார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினார், நாக்கில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் மகள் அவர் சட்டைக்கு ஆழமாக நான்கு பை தைத்து, எடைக்கற்களைப் போட்டு அனுப்பினாள். காற்றுக் காலத்தில் கல்லைக் கூட்டுவாள், வெயில் காலத்தில் குறைப்பாள். "முதலாளி இன்னிக்கு எத்தனை கிலோவுல இருக்கீங்க?" என்று பாத்திரக்கடைக்காரர் கிண்டல் செய்வார். "உன் எவர்சில்வரை விட கெட்டியாத்தான்யா இருக்கேன்" என்று இவர் பதில் கொடுப்பார். அதற்குமேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கடையை மூடினாலும் ஒற்றைக் கதவை மட்டும் அவர் தாழ் போட மாட்டார். ஓடிப்போனவன் திரும்பி வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதாம்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு எடைமேடைக்கு வந்த மனைவி, அவன் சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்தாள்.

"ஏங்க, அந்த டாங்கியப் பிடிச்சுட்டா என்ன செய்வீங்க?"

"மேடையில ஏத்துவேன். உங்கப்பாவை அந்த ஜன்னல்ல நிறுத்துவேன். டாங்கி இருக்குன்னு ஆயிட்டா உன் தம்பி ஓடலைன்னு ஆயிடும். மாமாவுக்கு தலை நிமிரும்."

"இத்தனை வருஷமா அவர் மாப்பிள்ளையா இருக்கீங்க, அவரைப் புரியலையே உங்களுக்கு" என்றாள். "டாங்கி இல்லைன்னா தம்பி ஓடிட்டான். ஓடினவன் எங்கேயோ உயிரோட இருக்கான். டாங்கி இருக்குன்னா?"

அவன் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றான். இத்தனை காலம் அவன் மாமனாருக்காகத் துரத்தியது எதுவோ, அதைத்தான் அவர் இத்தனை காலமாகக் கதவுக்கு வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர் பேசும் மானக்கேடுதான் அவருக்கு மூலதனம். அதை வைத்துத்தான் மகனை உயிரோடு வைத்திருந்தார். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, "அப்போ விட்டுடறேன்" என்றான். அவன் வாழ்க்கையிலேயே அவன் பின்வாங்கிய ஒரே இடம் அது.

"யாரு விடச் சொன்னா?" என்றாள் அவள். "காலையில அவரு சட்டையில கல்லு போட மறந்துட்டேன். கூரை விட்டத்தைப் பிடிச்சுட்டு தொங்குறாரு. ஒட்டடைக் கோலால இறக்கி விட்டேன். இன்னும் ஒரு வருஷம் இப்படிக் காத்திருந்தா பிடிச்சு வைக்க ஆளே இருக்காது. தம்பியத்தான் குடுத்தாச்சு, அப்பாவையும் குடுக்க முடியாது. எப்பாடு பட்டாவது அதை ஏத்துங்க." தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வேட்டை இரண்டு பேருடையது.

நேரம் வந்தால் டாங்கி தேடி வரும் என்பது போல, அடுத்த மாதம் ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. எதிரியின் மாய டாங்கி ஒன்றை விடாமல் துரத்தும் சிப்பாயின் கதை என்றார் படக்காரர். கதை எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சிப்பாயின் டாங்கியைச் செய்துதரப் பழைய இரும்புக் கடைக்கு வந்தார்கள்.

"ஒரு டாங்கி வேணும் முதலாளி."

"அசலா, போலியா?"

"போலிதான். அசலுக்கு எங்க போறது?"

"போலின்னா எத்தனை வேணும்னாலும் செஞ்சு தரேன். பொய்யுக்கு என்ன, தாராளமா செய்யலாம்."

"ஆனா பாக்க உண்மை மாதிரி இருக்கணும்."

"உண்மையெல்லாம் உள்ள நிக்கிறாரு பாருங்க, நம்ம மாப்ள. அவரைக் கேட்டுக்குங்க. இல்லாததைப் பத்தி எது கேட்டாலும் சொல்வாரு."

மாப்பிள்ளை முழு மனதோடு வேலையில் இறங்கினான். பழைய லாரி அடிச்சட்டத்தின்மேல் டிரம் தகடுகளை விரித்து அடித்தார்கள். ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி தலையாயிற்று, தலை சுழல்வதற்கு ஒரு மாவு மில் சக்கரம். மாமனார் கல் போட்ட சட்டையோடு பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஆணியையும் பார்த்துப் பார்த்து அடிக்க வைத்தார். கதாநாயகனாக நடிக்க வந்தவன் வேலைக்கு நடுவில் வந்து, "அண்ணே, டாங்கியப் பாக்கும்போது மூஞ்சி எப்படி இருக்கணும்?" என்று கேட்டான். "பாக்கவே கூடாது தம்பி, அதுதான் விஷயம்" என்றான் இவன். எதிரி டாங்கியைப் புகையும் நிழலுமாகக் காட்டிச் சமாளிக்கலாம் என்று படக்காரர் இழுத்தபோது, "அதுக்கு நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேணாம், அது தானா வரும். வெட்டவெளியில மட்டும் எடுக்காதீங்க. போலி டாங்கிய எடைமேடைக்கு முன்னாடி நிறுத்துங்க, குழாய் அந்தப் பக்கம் பாக்கட்டும்" என்றான். படக்காரருக்கு அங்கே வெளிச்சம் நன்றாக விழுவதாகத் தோன்றியது. சம்மதித்தார்.

சந்தை நிரம்பி வழிகிற காலை வேளை. போலி டாங்கி மேடைக்கு முதுகு காட்டி நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனைவி கடை கடையாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பார்க்காமல் இருப்பது அவர்களுக்குக் கைவந்த கலை, மொத்தக் கடைத்தெருவும் சுவரைப் பார்த்து நின்றது. கஷ்டம் அவனுக்குத்தான். வாழ்நாளெல்லாம் அதைப் பார்ப்பதற்காகவே கண்ணை வைத்திருந்தவன், மேடைக்கு முதுகைக் காட்டி, அறைச் சுவரின் பெயர்ந்த சுண்ணாம்பைப் பார்த்தபடி, சங்கிலியின் பிடியில் கை வைத்து நின்றான். பிடரி திரும்பு திரும்பு என்றது. திரும்பவில்லை. பாத்திரக் கடையில் ஒரு குடம் நடுங்கியது, அப்புறம் எல்லாக் குடங்களும். ஈரக் களிமண் வாடை அடித்தது. முகப்புக்குள் முள் எழுந்து, சுற்றி, தடதடத்து, ஓர் இடத்தில் நின்ற சத்தம் காதில் விழுந்ததும் சங்கிலியைக் குறுக்கே விட்டான். பிறகுதான் திரும்பினான்.

சுடாத செங்கல் நிறத்தில், மேடையில் ஒரு விரல் இடம் மிச்சமில்லாமல், அது நின்றது. முன்னால் சங்கிலி கிடந்தது. டாங்கி அதைப் பார்த்தது போலிருந்தது. பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிற லாரியைப் போல் அடங்கிப்போய் நின்றது. அதற்கும் சந்தைக்குள் வந்தால் சந்தை முறைதான். மனைவி அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இனிமேல் பார்த்தால் செலவில்லை.

"வாங்க மாமா. அந்த ஜன்னல் உங்களுது. முள்ளைப் பாத்து சொல்லுங்க" என்றான் அவன்.

அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. டாங்கியை ஒரு சுற்று சுற்றி வந்தார், சந்தைக்கு வரும் எந்தப் பழைய இரும்பையும் சுற்றுவது போல, தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து. பிறகு வியாபாரத்தை ஆரம்பித்தார். இது நேற்றுச் செய்த போலியாக இருக்கும் என்றார். போலி எதிரே நின்றது. மேடை பழசு, முள் தப்பு என்றார். வெங்காய மண்டிக்காரர் என் லாரியை நேற்றுத்தான் நிறுத்தேன், மேடை சுத்தம் என்றார், அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சாட்சி. கடைசியில் இரும்புக்காரர் குனிந்து டாங்கியின் சங்கிலிப் பற்களைக் காட்டினார்.

"இம்புட்டு சேறோட எவனாவது எடை போடுவானா? சேறு தட்டாம எனக்கு எடை கிடையாது."

அது நியாயம். பழைய இரும்பில் சேறு கழிக்காமல் நிறுப்பது வழக்கமில்லை. நாற்பது வருடத் தொழிலில் அவர் ஒரு நாளும் அதை விட்டதில்லை, அன்றைக்கும் விடவில்லை. "நான் தட்டறேன்" என்று மருமகன் கிளம்பியபோது, "என் சரக்குக்கு நான்தான் தட்டணும்" என்று சொல்லிவிட்டு அவரே கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். பையில் கற்கள் இருந்தும், அது இல்லாவிட்டால் வழியிலேயே காற்று கொண்டு போயிருக்கும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

காய்ந்த குளத்துச் சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஊர் வேடிக்கை பார்த்தது, படக்காரரின் காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. முன்சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு பெரிய பாளம் பெயர்ந்து அவர் காலடியில் குப்புற விழுந்தது. புரட்டினார். அதற்குள் ஒரு கை பதிந்திருந்தது. எதையோ வாங்க நீட்டிய கை. விரல்களெல்லாம் விரிந்து, சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் கோணியிருந்தது. சின்ன வயதில் கடை ஷட்டரில் மாட்டிக் கோணிய விரல். ஷட்டரை இழுத்தவர் அவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"எதுக்கு கைய நீட்டினான் மாப்ள?" என்றார்.

"இந்தக் கடப்பாரைக்குத்தான் மாமா. சர்க்காரை நம்பினா சாயங்காலம் வரைக்கும் இங்கேயேதான்னு சொன்னான். குடுத்துட்டுதான் இருந்தேன். ஒரு ஜாண்."

"அவன்தான் சொல்லியிருப்பான்" என்றார். "என் பேச்சு அது."

எழுந்தார். பாளத்தைத் தூக்கி மகளிடம் கொடுத்தார், முட்டை வாங்குகிறவள் போல அவள் வாங்கிக்கொண்டாள். அவர் தன் ஜன்னலுக்குப் போய், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முள்ளைப் பார்த்தார். முப்பத்தெட்டு டன்னும் சொச்சமும். இன்னும் ஏதாவது குறைக்க முடியுமா என்று பார்க்கிறவரைப் போல முகப்பின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறு ஜன்னலில் மருமகன் நின்றான். அவன் முதலில் சொன்னான். "சரி."

கடைத்தெருவில் ஈக்கள்கூட வெல்லத்தை விட்டு எழுந்து நின்றன என்பார்கள்.

"சேறு போக… சரி" என்றார் இரும்புக்காரர்.

சொன்னதும் அவர் செருப்பு மண்ணில் ஒரு விரல் ஆழம் அழுந்தியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைகளிலிருந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தார். பைகள் காலியான பிறகும் அவர் அங்கேயே நின்றார், மின்விசிறிகளுக்கும் காற்றுக்கும் அஞ்சாத ஆளாக. அப்புறம்தான் அழுதார். கனமாக, ஒரு முழு ஆள் அழுவது போல அழுதார். மகள் அவர் முதுகில் கை வைத்திருந்தாள், இன்னொரு கையில் பாளம் இருந்தது.

சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள். டாங்கி போகவில்லை. எங்கே போகும், அதைப் பற்றி இனி யாருக்கும் சந்தேகம் இல்லையே. அன்று மாலை இரும்புக்காரர் கடையை மூடும்போது இரண்டு கதவையும் தாழ் போட்டார். மகன் படம் சுவரில் ஏறியது. பக்கத்தில் ஒரு பலகையில் அந்தச் சேற்றுப் பாளம். மறு வாரம் கிணறு வெட்டுகிறவன் ஒருவன் வந்து கடப்பாரையைக் காட்டி என்ன விலை என்று கேட்டான். அவர் விலை சொன்னார். அவன் பாதிக்குக் கேட்டான். "இது வளையாத கடப்பாரை தம்பி, என் மகனோடது" என்றார், ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தார்.

சினிமா நன்றாக ஓடியது. ராணுவ அதிகாரிகள் வந்து பார்த்து, எதிரி டாங்கி தத்ரூபமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றும், அப்படி ஒரு டாங்கி இருந்ததே இல்லை என்றும் பாராட்டிவிட்டுப் போனார்கள். கடைத்தெருக்காரர்கள் மறுத்துப் பேசவில்லை. மேடை ஏறி இரண்டு பக்கமும் சரி சொன்ன சரக்கைப் பற்றிப் படித்தவர்களோடு என்ன வாக்குவாதம். டாங்கி இன்றைக்கும் எடைமேடையில்தான் நிற்கிறது. லாரிகள் அதன் மேலேயே ஏறி நிற்கின்றன, ஏறும்போது அது கொஞ்சம் ஒடுங்கிக்கொடுக்கும். டாங்கி மாப்பிள்ளை முள்ளைப் பார்த்து, முப்பத்தெட்டு டன்னும் சொச்சமும் கழித்துச் சீட்டு எழுதுகிறான். வெளியூர் லாரிக்காரர்கள் யாராவது அது என்ன கழிவு என்று கேட்டால், இரண்டு ஜன்னல்களிலிருந்தும் ஒரே பதில் வரும்: "அது டாங்கி. நீங்க சேறு மட்டும் தட்டிட்டு ஏத்துங்க."